பள்ளிப் பணம் சொந்த ஜிபேயில் வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? ஒரு புதிய பொருளாளருக்குப் பதில்

கேட்டவர் ஒரு தாய். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் புதிதாகப் பொருளாளர் ஆகியிருக்கிறார். சைக்கிள் ஷெட் போடவும், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கவும் வாட்ஸ்அப் குழுவில் பணம் கேட்டிருக்கிறார்கள். அவருடைய ஜிபே எண்ணுக்கு இதுவரை 86,000 ரூபாய் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் 3 லட்சம் அனுப்புவதாகச் சொல்கிறார். "வீட்டுக்காரர் பயப்படுகிறார். இதில் எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோம், ஐயா?" என்பது கேள்வி.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அம்மா. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறு வருடம் ஒரு பள்ளியில் இதே பொருளாளர் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். நான் பார்த்தவரை பள்ளிப் பணத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலானோர் ஒரு பைசா எடுத்தவர்கள் இல்லை. ஓடியாடி வேலை செய்த நல்ல மனிதர்கள். பணம் அவர்கள் பேரில் இருந்தது, கையெழுத்து அவர்களுடையது, அதனால் கேள்வியும் அவர்களிடமே வந்தது. எனவே முதல் வேலை, கழகத்தின் பணம் கழகத்தின் பேரில் இருக்க வேண்டும்.

சொந்தக் கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த கிளை ஒன்றில், பள்ளி ஆண்டு விழாவுக்குச் சேர்த்த பணத்தைத் தன் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்த ஒருவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். நாமினி இல்லை. வங்கியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் இருந்ததைக் கேட்டு வாங்கும் உரிமை வாரிசுகளுக்குத்தான். பிள்ளைகள் நேர்மையானவர்கள், "அது ஊர்ப்பணம், கொடுத்துவிடுகிறோம்" என்றார்கள். ஆனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வெளியே எடுக்க மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் ஊரில் என்னென்னவோ பேசிவிட்டார்கள். இறந்தவருக்குக் கருமாதி நடக்கும் வீட்டில் போய்க் கணக்குக் கேட்டவர்களும் உண்டு.

இப்போது ஜிபே வந்தபிறகு இன்னொரு ஆபத்து சேர்ந்திருக்கிறது. எங்கோ நடந்த ஆன்லைன் மோசடிப் பணம் நாலைந்து கை மாறி உங்கள் எண்ணுக்கு ஒரு 500 ரூபாயாக வந்து விழுந்தாலும், சைபர் கிரைம் போலீஸ் சொல்லி வங்கி உங்கள் கணக்கை முடக்கலாம். உங்கள் வீட்டுப் பணம், பிள்ளையின் படிப்புச் செலவு எல்லாம் அதோடு நின்றுவிடும். முகம் தெரியாத ஐம்பது பேர் பணம் போடும் எண் உங்கள் சொந்த எண்ணாக இருக்கவே கூடாது.

அதனால் இன்றே குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: "இனி இந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். இதுவரை வந்தது 86,000. கழகக் கணக்கு திறந்ததும் முழுவதையும் அங்கே மாற்றுகிறேன்." கழகக் கணக்குக்கு மாற்றும்போது ஒரே தொகையாக வங்கி வழியாக மாற்றுங்கள். இடையில் ரொக்கமாக எடுக்காதீர்கள். யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பட்டியலை உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டு, தலைவரிடமும் தலைமையாசிரியரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கணக்குத் திறக்கும் முன் பழைய கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். தலைமையாசிரியர் அறை பீரோவில் பழைய பாஸ்புக் ஒன்று கிடைப்பது சர்வ சாதாரணம். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயல்படாததாகிவிடும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், அப்போதும் உரிய ஆவணங்களோடு கேட்டால் திரும்பக் கிடைக்கும். பழைய கணக்கு உயிரோடு இருந்தால் கையொப்பமிடுபவர்களை மாற்றினாலே போதும்.

இல்லையென்றால் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுங்கள். எந்த வங்கியில் கணக்கு, யார் யார் கையெழுத்து, எத்தனை பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். குறைந்தது இருவர் கட்டாயம். அந்தத் தீர்மானம், கழக விதிகள், கழகத்தின் பேரில் பான் எண், கையொப்பமிடுபவர்களின் ஆதார், பான், இவைதான் வங்கியில் கேட்பது. சங்கமாகப் பதிவு செய்யாத குழுவுக்கும் கணக்குத் திறக்கலாம். ஆனால் பதிவு இல்லாத குழு சட்டத்தின் கண்ணில் தனி ஆள் ஆகாது. ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவரைத்தான் பாக்கி வர வேண்டியவர் தேடி வருவார். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். உறுப்பினர் எண்ணிக்கையோ ஆண்டு வரவு செலவோ ஒரு அளவைத் தாண்டினால் பதிவு கட்டாயமே ஆகிவிடும். பதிவு செய்தபின் ஆண்டுதோறும் பொதுக்குழு நடத்த வேண்டும், கணக்கைப் பதிவாளருக்குத் தர வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் எதையும் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அபராதத்தோடு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. செய்ய முடியும் என்றால் மட்டும் பதிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வரும். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, பள்ளி மேலாண்மைக் குழு வேறு. மேலாண்மைக் குழு 2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ம் பிரிவில் வருவது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அதற்கு வரும் அரசுப் பணத்துக்குத் தனிக் கணக்கு, தனி விதி. பல ஊர்களில் இரண்டிலும் அதே ஆட்கள்தான் இருப்பார்கள். அதனால் "இதிலிருந்து எடுத்து அதில் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். தணிக்கை வரும்போது விளக்கம் சொல்ல முடியாது.

கணக்கு எழுதுவது பற்றி. நம் பகுதியில் யாருக்கும் இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பவர்கள் வீட்டில் மொய் நோட்டைப் பாருங்கள். எந்த ஊர், யார் மகன், எவ்வளவு என்று ஒரு வரி விடாமல் இருக்கும். தாத்தா காலத்து நோட்டைப் பேரன் எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிறான். அந்தக் கவனத்தில் பாதி இருந்தால் பள்ளிக் கணக்கு சுத்தமாக இருக்கும். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. மொய் திரும்பிப் போக வேண்டியது, நன்கொடை திரும்பாது. யாராவது "இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தை அறுவடைக்குப்பின் கொடுங்கள்" என்று தந்தால் அது நன்கொடை ஆகாது, கடன். அதைத் தீர்மானம் இல்லாமல் வாங்காதீர்கள். கடனை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. நன்கொடையாகவே இருந்தாலும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விழும்.

வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். கெட்டுப்போன ரசீதையும் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு உள்ளேயே வைக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். சிலர் பணமாகத் தராமல் நெல் மூட்டையாகத் தருவார்கள். வாங்கலாம். எத்தனை மூட்டை, என்ன ரகம், யாரிடம் என்ன விலைக்கு விற்றது என்று எழுதி, விற்ற பணத்தை நேராகக் கழகக் கணக்கில் போட வைக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் யாரோ ஒருவரின் பேரில் போட்டால் பணம் அந்த விவசாயி கணக்குக்குத்தான் போகும். அப்புறம் அதை வாங்குவதற்கு நீங்கள் நடக்க வேண்டியிருக்கும்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள். "நான் வெளியூர் போகிறேன், நாலு செக்கில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்" என்று தலைவர் சொல்வார், நீங்களும் போட வேண்டியிருக்கும். காசோலை பணமின்றித் திரும்பினால் இரண்டாண்டு வரை சிறையோ தொகையைப் போல் இரு மடங்கு அபராதமோ, இரண்டுமோ வரலாம். வழக்கில் பெயர் வருவது கையெழுத்துப் போட்டவர்களுக்கு.

பெற்றோரிடம் வாங்குவதில் ஒன்றை நினைவில் வையுங்கள். அது விருப்பப்பட்டுத் தருவதாகவே இருக்க வேண்டும். சேர்க்கைக்கோ, மாற்றுச் சான்றிதழுக்கோ, மதிப்பெண் பட்டியலுக்கோ "முதலில் கழகப் பணம் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும் அது கட்டாய வசூல். அறிவிக்கப்பட்ட கட்டணம் தவிர எந்தப் பெயரில் வாங்கினாலும் அதைக் கல்வி உரிமைச் சட்டம் கேப்பிடேஷன் கட்டணம், அதாவது கட்டாய நன்கொடை என்கிறது. அபராதம் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை போகலாம். நம் மாநிலத்திலும் இதற்கென்று 1992-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கொடுக்காதவர் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதுதான் மேட்டூரும் திறக்கிறார்கள். குறுவைக்கு உழவு, விதை, நடவு என்று வீட்டில் இருக்கும் காசெல்லாம் வயலுக்குப் போகும் நேரம் அது. கூலிக்குப் போகும் வீட்டில் அந்த 500 ரூபாய் சின்னத் தொகை இல்லை. நாங்கள் வசூலைத் தைப் பொங்கலுக்குப் பிறகு, சம்பா அறுவடை முடிந்து மாசியில் வைத்தோம். கேட்காமலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்போது சிங்கப்பூர்ப் பணம். நம் மாவட்டங்களில் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?" இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், எத்தனை வருடம் அங்கே இருந்தாலும், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும், "இது என் சொந்தப் பணம், பள்ளிக்கு நன்கொடையாகத் தருகிறேன்" என்று ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு. இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், பிறந்தது இதே ஊராக இருந்தாலும், 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர் வெளிநாட்டு மூலம். உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு வாங்க, கழகத்துக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சமாவது நற்பணிக்குச் செலவு செய்திருக்க வேண்டும், பணம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். கிராமத்துக் கழகத்துக்கு இது எட்டாத வேலை. "சரி, பணமாக வேண்டாம், புரொஜெக்டராக வாங்கி அனுப்புகிறேன்" என்றாலும் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. "என் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் கொடுப்பான்" என்ற யோசனையும் கண்டிப்பாக வரும். பாசத்தில் சொல்வார்கள். அந்தச் சுற்றுவழியை ஏற்காதீர்கள், மாட்டுவது வாங்கியவர். அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு உதவுவதற்காகவே இருக்கிறது. அதன் வழியாகத் தர முடியுமா என்று அவரையே நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். கஜா புயல் அடித்த 2018-ல் இப்படி வந்த உதவிப் பணம் பலரின் சொந்தக் கணக்கில் இறங்கியது. அவசரத்தில் யாரும் கேட்கவில்லை. நீங்கள் போடுவது சைக்கிள் ஷெட், ஒரு மாதம் பொறுக்கலாம்.

"வரி விலக்கு உண்டா?" என்று அவர் மட்டுமல்ல, உள்ளூர்க் கடைக்காரர்களும் கேட்பார்கள். வருமான வரித் துறையின் 80ஜி அனுமதி உங்கள் கழகத்துக்கு இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். ரசீதில் அந்த வார்த்தையே வரக் கூடாது. அனுமதி இருக்கும் இடத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் விலக்கு கிடையாது.

சைக்கிள் ஷெட்டுக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போனார்கள். இந்தப் பகுதியில் அன்று பிள்ளை பெற்றிருந்த யாரும் அதை மறக்க முடியாது. பின்னால் நடந்த வழக்கில் பள்ளி நிர்வாகத்தோடு அதிகாரிகள், சத்துணவுப் பணியாளர்கள் என்று பலர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பள்ளி வளாகத்தில் கீற்றுக் கொட்டகை என்ற பேச்சே வேண்டாம், விழாவுக்கு இரண்டு நாள் என்றாலும் வேண்டாம். தகரக் கூரை போடுவதானாலும் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். "வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்" என்பது போதாது, அவர் மாற்றலாகிப் போய்விடுவார். தூணும் இணைப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள். கஜாவில் தகரம் காகிதம் போலப் பறந்ததை மன்னார்குடியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். மூன்று பேரிடம் விலைப்புள்ளி, எழுத்தில் ஒப்பந்தம், வேலை முடிய முடிய வங்கி வழியாகப் பணம். ஒப்பந்தக்காரர் கழக நிர்வாகியின் உறவினர் என்றால் அதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லித் தீர்மானத்தில் எழுதுங்கள், அந்த நிர்வாகி அந்த முடிவில் கலந்துகொள்ள வேண்டாம். கழகம் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் ஒரே பில் 30,000-ஐயோ ஆண்டில் மொத்தம் 1 லட்சத்தையோ தாண்டும்போது வரிப் பிடித்தம் செய்ய வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம். இதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஆசிரியர் வைப்பது. அரசே 2022-ல் காலி இடங்களுக்கு மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று தொகுப்பூதியம் வைத்தது. அந்த நியமன முறையே உயர் நீதிமன்றத்தில் வழக்கானது. கழகம் தன் பணத்தில் ஆள் வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். தலைமையாசிரியரின் எழுத்துபூர்வக் கோரிக்கை, தீர்மானம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எவ்வளவு என்று ஒரு கடிதம், கல்விச் சான்றிதழ் நகல், காவல் துறை நன்னடத்தைச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். ஊதியம் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பத்து மாதத்துக்கான பணம் கையில் வந்த பிறகே ஆள் வையுங்கள். எங்கள் கழகம் ஒருமுறை நாலு மாதப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தது. ஐந்தாம் மாதம் அவருக்குச் சம்பளம் இல்லை, பாதி வருடத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

நிதி திரட்டக் குலுக்கல் சீட்டு போடலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லிருந்து தடை. பள்ளிக்காக என்றாலும் காசு வாங்கிச் சீட்டு விற்றுப் பரிசு கொடுப்பது அதே வகைதான். கழகப் பணத்தை ஏலச்சீட்டில் போட்டுப் பெருக்குவதும் வேண்டாம், பதிவு இல்லாத சீட்டு சட்டவிரோதம். மீதிப் பணத்தைக் கழகத்தின் பேரிலேயே வங்கி வைப்பில் போடுங்கள். சுற்றுலாவுக்கு வாடகை வண்டி எடுத்தால், வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற மஞ்சள் எண் பலகை வண்டிதான். உறவினரின் சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு விஷயத்துக்கு நீங்கள் உடனே குரல் கொடுக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு குழந்தையின் பெயர், படம், வகுப்பு, தெரு என்று அடையாளம் தெரியும் எதையும் யாரும் பகிரக் கூடாது. கோபத்தில், நியாயம் கேட்கும் வேகத்தில்தான் பகிர்வார்கள். ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவு அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது, அதைவிட அந்தக் குழந்தைக்கு அது இரண்டாவது காயம். அட்மினாக மட்டும் இருந்தவர் மீது, வேறு எந்தப் பங்கும் இல்லாதபோது, குற்றம் சுமத்த முடியாது என்ற நிலைப்பாட்டை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் எடுத்திருக்கிறது. இருந்தாலும் பார்த்தும் விட்டுவைக்காமல் நீக்குங்கள், குழந்தையின் பெற்றோரைக் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ வழிகாட்டுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானத்தை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை காலை பத்தரைக்குள் வங்கிக்குப் போனால் கூட்டம் குறைவாக இருக்கும், தலைவரையும் தலைமையாசிரியரையும் கையோடு அழைத்துப் போங்கள். பான் எண் வர ஓரிரு வாரம் ஆகலாம், அதுவரை அந்த 86,000-ஐத் தொடாதீர்கள். புதுப் பாஸ்புக்கில் அந்தத் தொகை வரவு விழுந்ததும் முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.